இருபத்தெட்டு மாத்திரை

ஹாதியாவுக்குக் கொடுத்த வேலைக் கடிதம் இரண்டு பக்கம் இருந்தது. முதல் பக்கத்தில் சம்பளம். அதை வீட்டில் எல்லோரும் கை மாற்றிக் கை மாற்றிப் படித்தார்கள். இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

புதுப்பட்டினம் கடைத்தெருவில் செருப்புக் கடை வைத்திருக்கும் நூர்முகமதுவின் மூத்த மகள் அவள். நாலு வருஷம் பி.எஸ்சி. நர்சிங் படித்து, கவுன்சிலில் பதிவு செய்து நம்பரும் வாங்கியாகிவிட்டது. கருங்குழியைத் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோடு என்னும் திருச்சி நெடுஞ்சாலையின் மேலேயே ஓர் அறுபது படுக்கை ஆஸ்பத்திரி. அங்கேதான் முதல் வேலை.

"பன்னெண்டாயிரமா?" என்றார் நூர்முகமது. "மாமல்லபுரம் ரிசார்ட்ல வாசல்ல நின்னுகினு ஜூஸ் குடுக்கிற பொண்ணு பதினெட்டு வாங்குதாம்மா."

"ஆறு மாசம் ட்ரெய்னிங் அத்தா. அப்பால பதினாறு. ரெண்டு வருசம் ஐ.சி.யூ.வுல வேல பாத்த சர்ட்டிபிகேட் இருந்தாத்தான் வெளிநாட்டுக்கு எடுப்பாங்க. எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறாங்க."

"சாப்பாடு?"

"ட்யூட்டியில ஒரு வேள. ஹாஸ்டல் ஃப்ரீ."

அதற்கு மேல் அவருக்குக் கேட்கத் தெரியவில்லை. அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. சேர்ந்த அன்று அவளோடு இன்னும் எட்டுப் பெண்கள் சேர்ந்தார்கள். ஒன்பது பேரும் அலுவலகத்தில் வரிசையாக உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கத்திலும் கீழே கையெழுத்துப் போட்டார்கள். ஒருத்தி ஹாஸ்டலில் தண்ணீர் வருமா என்று கேட்டாள். வேறு கேள்வி எதுவும் எழவில்லை.

ஹாஸ்டல் என்பது ஆஸ்பத்திரியின் நாலாவது மாடி. ஹாதியாவின் அறையில் செய்யூர்ப் பக்கத்துச் சங்கரி இருந்தாள். அவளும் புதிதாகச் சேர்ந்தவள்தான். அப்பாவுக்கு வேர்க்கடலைச் சாகுபடி. சத்தமாகப் பேசுவாள், எதற்கும் பயப்பட மாட்டேன் என்பாள், ஆனால் டாக்டர் கூப்பிட்டால் மட்டும் அவளுக்குக் கால் பின்னிக்கொள்ளும்.

வேலைக்குச் சேர்ந்து இருபத்து மூன்றாம் நாள். செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. ஐ.சி.யூ.வில் மூன்றாம் கட்டில் நோயாளிக்கு ரத்தம் எடுத்து முடித்த ஹாதியா, ஊசியைப் போட மருந்து வண்டியின் பக்கவாட்டில் தொங்கிய வெள்ளை டப்பாவிடம் போனாள். டப்பா கழுத்துவரை நிரம்பியிருந்தது. மூன்று நாளாக யாரும் மாற்றவில்லை. தன் ஊசியை மெல்ல உள்ளே தள்ளினாள். உள்ளேயிருந்து எதுவோ சுருக்கென்று குத்தியது. கையை இழுத்தாள். மோதிர விரலில், கையுறைக்கு அடியில், கடுகு அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி.

கையுறையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரைத் திறந்து சோப்புப் போட்டுக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். சங்கரிதான் கவனித்து வந்தாள்.

"இன்னாடி ஆச்சு?"

"குத்திக்கிச்சு."

"யாரு ஊசி?"

"தெரியல. டப்பாவுல இருந்தது."

சங்கரியின் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் ஹாதியா குழாயை மூடினாள்.

நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் விஜயகுமாரிக்கு ஐம்பது வயது இருக்கும். இருபத்தைந்து வருஷமாக இதே வேலை. சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவர் விபத்துப் பதிவேட்டை எடுத்து, நேரம் எழுதினார், கட்டில் எண் எழுதினார். "எந்தப் பேஷண்ட்?" என்று கேட்டார்.

"தெரியல மேடம். டப்பா ஃபுல்லா இருந்தது. ஏற்கெனவே உள்ள கெடந்த ஊசி."

பேனா நின்றது. "மூணு நாள்ல எத்தன பேரு ஊசி அதுல கீதோ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு குனிந்து, அவள் சொன்னதை அப்படியே எழுதினார்.

ட்யூட்டி டாக்டர் கேட்டுவிட்டு அவசரப்படுத்தினார். யாருடைய ரத்தம் என்று தெரியாத நிலையில் ஹெச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையைத் தொடங்கிவிடுவதுதான் சரி. இரண்டு மணி நேரத்துக்குள் முதல் மாத்திரை போட்டால் நல்லது, மூன்று நாளைத் தாண்டினால் பிரயோசனமில்லை. இங்கே மருந்தகத்தில் அந்த மாத்திரை இல்லை. "ஹெச்.ஆர்.ல சொல்லு, இ.எஸ்.ஐ.யில அனுப்புவாங்க."

அலுவலகத்தில் பெஞ்சமின் இருந்தார். ஆள் எடுப்பது, சம்பளம் போடுவது எல்லாம் அவர்தான். மரியாதையான மனிதர், யாரையும் 'நீ' என்று சொல்ல மாட்டார்.

"உக்காருங்க சிஸ்டர். இ.எஸ்.ஐ. இருந்தா இப்பவே லெட்டர் போட்டுக் குடுத்திருவேன். ஆனா ட்ரெய்னிக்கு நம்பர் கிடையாதே." கோப்பைத் திறந்து, அவளுடைய கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு, வருங்கால வைப்பு நிதி, ஊக்கத் தொகை எல்லாம் அங்கே இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே ஒரே வரி: பணி நிரந்தரமான பிறகு. கீழே அவளுடைய கையெழுத்து, 'ஹா' பெரிதாகவும் மற்ற எழுத்துகள் நெருக்கியும்.

"இப்ப நான் என்ன சார் பண்றது?"

"வெளியில பாத்துக்குங்க. பில் கொண்டாங்க, மேல கேட்டுப் பாக்கறேன். உங்களுக்கு அரை நாள் லீவ் போட்டுக்கறேன்."

வெளியே வந்தபோது மணி பன்னிரண்டை நெருங்கியிருந்தது. செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு ஆட்டோவில் போகலாம் என்றால் கையில் அவ்வளவு பணம் இல்லை. சங்கரி ட்யூட்டியை விட்டு வர முடியாது. ஹாதியா நெடுஞ்சாலையில் நின்று கை காட்டினாள். இரண்டு பேருந்து நிற்காமல் போயின. மூன்றாவதில் ஏறினாள்.

பாலாற்றுப் பாலத்தின் மேல் வண்டி ஊர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் முறுக்கு நீட்டினாள். ஹாதியா வேண்டாமென்று தலையசைத்துவிட்டுக் கையை மடிக்குள் ஒளித்துக்கொண்டாள். அந்தப் புள்ளி இப்போது தெரியக்கூட இல்லை. நோய் உள்ளவரின் ஊசியே குத்தினாலும் ஆயிரத்தில் மூன்று பேருக்குத்தான் தொற்றும். மூன்றாம் வருஷப் பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி அது. சரியாக எழுதி இரண்டு மார்க்கும் வாங்கியிருந்தாள். ஆயிரத்தில் மூன்று என்பது எவ்வளவு சின்ன எண் என்று அன்றைக்குத் தோன்றியது. பேருந்தில் உட்கார்ந்து யோசித்தபோது அந்த மூன்று பேருக்கும் முகம் வந்தது.

மருத்துவமனையில் ஹெச்.ஐ.வி. பிரிவுக்கு வழி கேட்கவே கூச்சமாக இருந்தது. புதுப்பட்டினத்து ஆட்கள் யாராவது கண்ணில் பட்டால்? துப்பட்டாவை முகத்தருகே இழுத்துவிட்டுக்கொண்டு போனாள். உள்ளே ஆலோசகராக மோசஸ் என்பவர் இருந்தார். நரைத்த தாடி, தேய்ந்த சட்டைக் காலர். ஏன் வந்தாய், எப்படி வந்தாய் என்று தோண்டாமல், முதலில் அவள் கையில் மாத்திரையையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் கொடுத்தார்.

"இதப் போடும்மா. அப்புறம் பேசலாம்."

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு பத்து. குத்தி மூன்று மணி நேரம் பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

ரத்தம் எடுத்தார்கள். மஞ்சள் காமாலைத் தடுப்பூசி கல்லூரியிலேயே மூன்றும் போட்டிருந்தாள். அதில் கவலை இல்லை என்று டாக்டர் சொன்னார். தினம் ஒன்றாக இருபத்தெட்டு மாத்திரை. ஆறாவது வாரம் ஒரு பரிசோதனை, மூன்றாவது மாதம் ஒன்று. எதற்கும் காசு கேட்கவில்லை.

"உங்க ஆஸ்பத்திரியில இ.எஸ்.ஐ. இல்லியா?" என்றார் மோசஸ்.

"ட்ரெய்னிக்குக் கிடையாதாம் சார்."

"நீ சம்பளத்துக்கு ட்யூட்டி பாக்கறியா, இல்லியா?"

"பாக்கறேன்."

"ட்ரெய்னின்னு பேரு வெச்சுட்டா கட்ட வேணாம்னு எந்தச் சட்டத்துல கீது? இ.எஸ்.ஐ. ஆபீஸ்ல போய்க் கேளு. வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே அடிபட்டாக்கூட அவங்கதான் பாக்கணும்."

அவள் தலையாட்டினாள். அப்போது அவள் காதில் எதுவும் ஏறவில்லை. மூன்று மாதம் என்ற வார்த்தை மட்டும் ஏறியிருந்தது.

அடுத்த நாளிலிருந்து குமட்டல். காலையில் பல் துலக்கும்போதே வந்துவிடும். மாத்திரைப் புட்டியை நாப்கின் பைக்குள் வைத்து, அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். சங்கரிக்கு மட்டும் தெரியும். இரவு உணவுக்குப் பிறகு "போட்டியா?" என்று கேட்பதோடு சரி, வேறு பேச மாட்டாள். நோயாளியின் கையைப் பிடிக்கும்போதெல்லாம் ஹாதியாவுக்கு மோதிர விரல் மட்டும் தனியாகத் தெரிந்தது. இந்த நரம்பில் ஊசி ஏற்றிக்கொண்டிருக்கிற எனக்குள்ளே என்ன ஓடிக்கொண்டிருக்கிறதோ? இரண்டு கையுறை போட ஆரம்பித்தாள். ஒருநாள் சளிக் காய்ச்சல் வந்தது. ஏ.சி.தான் காரணம் என்று அறிவு சொன்னது. படுக்கையில் உட்கார்ந்து கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தாள்.

பத்தாவது மாத்திரை அன்று அம்மா ஷஹர்பானு போன் செய்தாள். குரலில் சந்தோஷம்.

"ஞாயித்துக்கெழம லீவு போட்டுகினு வா. மாமல்லபுரத்துலேர்ந்து உன்னப் பாக்க வராங்க. பையன் பேரு தௌசிஃப். ஷார்ஜாவுல ஸ்டோர் கீப்பரா கீறான். ரெண்டு மாசம் லீவுல வந்திருக்கான். திரும்பிப் போறதுக்குள்ள நிக்காஹ் முடிச்சுடணும்னு கேக்கறாங்க."

"மூணு மாசம் போவட்டும்மா."

"அவன் ரெண்டு மாசத்துல கெளம்பிடுவான்னு சொல்லிகினு கீறேன், நீ மூணு மாசம்ங்கறியே."

"இப்ப வேணாம்னு சொல்லும்மா."

ஷஹர்பானு போனை வைத்துவிட்டாள். அவள் கோபத்தில் போனை வைக்கிறவள் அல்ல; யோசிக்கத்தான் வைப்பாள். யோசித்து, மறுநாள் மதியமே கருங்குழிக்கு வந்து இறங்கிவிட்டாள். கையில் பிரியாணி டப்பா. ஹாதியா அப்போதுதான் ட்யூட்டி முடிந்து மேலே வந்திருந்தாள். டப்பாவைத் திறந்ததும் நெய் வாசனை. அந்த வாசனைக்கே வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள்.

திரும்பி வந்தபோது அம்மா கட்டிலில் ஆடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"கதவச் சாத்து."

சாத்தினாள்.

"யாரு அவன்?"

ஹாதியாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "ஐயோ, அம்மா!"

"நிக்காஹ் வேணாங்கறே. வாந்தி எடுக்கறே. நானும் ரெண்டு பெத்தவதான். அத்தாவுக்கு நான் இன்னா பதில் சொல்றது? சொல்லுடி, யாரு?"

ஹாதியா பெட்டியைத் திறந்தாள். நாப்கின் பையிலிருந்து புட்டியை எடுத்து அம்மா கையில் வைத்தாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். டப்பா, ஊசி, பாலாற்றுப் பாலம், மோசஸ், ஆறு வாரம், மூன்று மாதம். சொல்லச் சொல்ல அழுகை வந்தது, அதுவரை ஒரு நாளும் வராத அழுகை.

ஷஹர்பானு புட்டியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. முதலில் அவள் முகத்தில் வந்தது நிம்மதி; அது வந்ததற்காக உடனே வெட்கப்பட்டதும் முகத்திலேயே தெரிந்தது. பிறகு பயம் வந்து உட்கார்ந்தது.

"வந்துடுமா?"

"வராதும்மா. ஆயிரத்துல மூணு பேருக்குத்தான்."

"அப்ப ஏன்டி அழுவற?"

அம்மா அவள் கையை இழுத்து விரல் விரலாகப் பார்த்தாள். "எந்த வெரல்?" என்றாள். காட்டியதும் அதைத் தன் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"மாமல்லபுரத்துக்காரங்களுக்கு நான் சொல்லிக்கறேன். பொண்ணுக்கு ட்ரெய்னிங்கு, இப்ப முடியாதுன்னுட்டு. அத்தாவுக்கும் சொல்ல வேணாம், அவரு தாங்க மாட்டாரு." வாசல் வரை போனவள் திரும்பினாள். "ஊசி குத்தினா பாக்கறதுக்குக்கூட வக்கில்லாத எடத்துல இன்னாத்துக்கு வேல பாக்கற? மொதல்ல அதக் கேளு அவங்கள."

இரண்டு நாள் கழித்துப் பெஞ்சமினே கூப்பிட்டார். மேஜையில் ஒரு தாள் தயாராக இருந்தது. மூன்றே வரி. ஊசியை அகற்றும்போது என் கவனக்குறைவால் காயம் ஏற்பட்டது, இதற்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று.

"சும்மா ஃபார்மாலிட்டிதான் சிஸ்டர். ஃபைலை முடிக்கணும். ஆறு மாசம் முடியும்போது உங்க கன்ஃபர்மேஷன் ரிவ்யூ வேற வரும், அதுக்குள்ள இது க்ளியரா இருந்தா உங்களுக்கு நல்லது."

பேனாவை எடுத்தால் அரை நிமிஷ வேலை. எடுக்காவிட்டால் ஐ.சி.யூ. போகும், அனுபவச் சான்றிதழ் போகும், இந்த நாலு வருஷமே வீணாகும். முதல் தடவை போலவே இப்போதும் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பாள். ஆனால் இந்தத் தடவை படித்துவிட்டாளே.

"டப்பா நெறைஞ்சிருந்துச்சு சார். மேடம் ரிஜிஸ்டர்ல எழுதியிருக்காங்க."

"அதை அவங்க மாத்தி எழுதிக்குவாங்க."

"அவங்க எழுதட்டும். அப்புறம் நான் போடறேன்."

எப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மாலை ஒன்பது பேரையும் தன் அறையில் கூட்டினாள் சங்கரி. ஹாதியா எல்லோரிடமும் விஷயத்தைச் சொன்னாள். மோசஸ் சொன்ன இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டிருந்ததையும் சொன்னாள். அங்கே ஓர் அம்மாள், உங்க பேரு, ஆஸ்பத்திரி பேரு குடுங்க, நாங்களே கேக்கறோம் என்றதையும், பயந்துபோய் இவள் போனை வைத்துவிட்டதையும் சொன்னாள். ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

சேர்ந்த நாளிலிருந்தே இ.எஸ்.ஐ. வேண்டும், ஊசி டப்பா தினமும் மாற வேண்டும் என்று ஆஸ்பத்திரி முதலாளியான பெரிய டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். ஆறு பேர்தான் கையெழுத்துப் போட்டார்கள். மற்ற மூவரும் வீட்டில் கேட்டுச் சொல்கிறோம் என்று எழுந்துகொண்டார்கள். அவர்கள்மேல் ஹாதியாவுக்குக் கோபம் வரவில்லை. ஒரு வாரம் முன்னால் என்றால் அவளும் எழுந்திருப்பாள்.

கடிதம் போன பிறகு நாலு நாள் சத்தமே இல்லை. யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் தன்னைக் கூப்பிடத்தான் வருகிறார்கள் என்று ஹாதியாவுக்குத் தோன்றியது. ஐந்தாம் நாள் பெரிய டாக்டர் விஜயகுமாரியைக் கூப்பிட்டு அனுப்பினார். பதிவேட்டோடு உள்ளே போன அவர், அரை மணி கழித்து வெளியே வந்தார். முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஐ.சி.யூ. வாசலில் ஹாதியாவைக் கடக்கும்போது நடையை நிறுத்தாமலே சொன்னார்:

"அடிச்சு எழுதச் சொன்னாங்க. இருபத்தஞ்சு வருசத்துல ரிஜிஸ்டர்ல நான் அடிச்சதில்ல. அதுக்காக உனக்கு நான் சப்போர்ட்டுன்னு நெனச்சுக்காத. வேலையப் பாரு."

அடுத்த மாதம் ஒன்பது பேருக்கும் இ.எஸ்.ஐ. எண் வந்தது, கையெழுத்துப் போடாத மூவருக்கும் சேர்த்து. வெள்ளை டப்பாவைத் தினமும் காலையில் மாற்ற ஆள் வந்தது. பன்னிரண்டாயிரம் பன்னிரண்டாயிரமாகவே இருந்தது, இ.எஸ்.ஐ.க்கென்று அதில் தொண்ணூறு ரூபாய் பிடித்தமும் வந்தது. ஹாதியாவை ஐ.சி.யூ.விலிருந்து புறநோயாளிப் பிரிவுக்கு மாற்றினார்கள். காரணம் கேட்டதற்கு வழக்கமான சுழற்சி என்றார் பெஞ்சமின், முகத்தைப் பார்க்காமல். அன்று சங்கரிதான் கத்தினாள். ஹாதியாவுக்குக் கத்தவும் தெம்பில்லை. இருபத்தெட்டாவது மாத்திரை முடிந்து, ஆறாவது வாரத்துக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. அந்தப் பதினோரு நாளைத் தாண்டுவதுதான் அவளுக்குப் பெரிய வேலையாக இருந்தது.

ஆறாவது வாரப் பரிசோதனைக்குத் தனியாகப் போனாள். ஒன்றுமில்லை என்று வந்தது. சந்தோஷப்படக்கூடாது, இன்னொன்று பாக்கி இருக்கிறது என்று தன்னையே அடக்கிக்கொண்டாள். தௌசிஃப் ஷார்ஜாவுக்குக் கிளம்பிப் போனான். அவர்கள் வேறு இடத்தில் பெண் பார்க்கிறார்கள் என்று அம்மா சாதாரணமாகச் சொன்னாள். படத்தில்கூடப் பார்த்திராத ஆளுக்காக ஹாதியா ஒரு நாள் முழுக்க வருத்தப்பட்டாள்.

மூன்றாவது மாதப் பரிசோதனைக்கு முந்தின நாள் ஹாதியா வீட்டுக்குப் போயிருந்தாள்; மறுநாள் ஷஹர்பானு கூடவே வந்தாள். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வருகிற வரைக்கும் அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. மோசஸ் அறை வாசலில் முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். உள்ளே கூப்பிட்டபோது ஹாதியாவால் எழுந்திருக்க முடியவில்லை. அம்மாதான் உள்ளே போனாள். தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்து மகளிடம் நீட்டினாள்.

"அவரு சிரிச்சாரு. எனக்குப் படிக்கத் தெரியல. நீ படி."

ஹாதியா படித்தாள். இரண்டு முறை படித்தாள். "இல்லம்மா, ஒண்ணுமில்ல" என்றாள்.

ஷஹர்பானு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, துப்பட்டா முனையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு பேருந்து நிலையத்துக்கு நடந்தார்கள். டீக்கடையில் நின்று ஷஹர்பானு இரண்டு டீ சொன்னாள்.

"அந்த இ.எஸ்.ஐ.யில பெத்தவங்க பேரும் சேர்ப்பாங்கன்னு பக்கத்து வீட்டு ஜரினா சொன்னா. அத்தாவுக்குச் சக்கர மாத்திரைக்கே மாசம் எவ்ளோ போவுது."

"அத்தாவோட வருமானம் பாப்பாங்கம்மா. கேட்டுப் பாக்கறேன்."

"நீ கேப்பே" என்றாள் ஷஹர்பானு. "இப்பதான் உனக்குக் கேக்க வருதே."

ஹாதியாவுக்கு மதிய ட்யூட்டி. இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. டீயை அவசரமாகக் குடித்துவிட்டு, அம்மாவைப் புதுப்பட்டினம் பேருந்தில் ஏற்றினாள். எதிர்ப்பக்கம், கருங்குழி வழியாகப் போகும் மதுராந்தகம் வண்டி புறப்பட்டுக்கொண்டிருந்தது. ஓடிப்போய் அதன் கம்பியைப் பிடித்தாள்.